அழுவாச்சியை அழைத்து வந்த நாள்

மனிதர்களைக் கத்தரிக்காய் மாதிரித் தரம் பிரித்துவிடலாம் என்று நான் நம்பியிருந்தேன். இது சொத்தை, இது முற்றல், இது பிஞ்சு என்று கூடையைப் பார்த்த மாத்திரத்தில் சொல்வதைப்போல, பிறத்தியாருக்கு உதவுகிற வேலைக்கு வருகிறவர்களில் எவன் உருப்படுவான், எவன் ஓடிப்போவான் என்று முகத்தைப் பார்த்தே சொல்லிவிடுவேன் என்று நினைப்பு. அப்போது எனக்கு மீசைகூட ஒழுங்காக முளைத்திருக்கவில்லை. இப்போது முளைத்து, நரைக்கவும் தொடங்கிவிட்டது. அந்த நம்பிக்கை போய் வெகுகாலம் ஆகிறது. அது போன விதத்தைத்தான் சொல்லப் போகிறேன்.

கத்தரிக்காயைச் சும்மா இழுக்கவில்லை. யுத்த காலத்தில் பெரம்பலூரில் அம்மை குத்துகிற வேலைக்கு எங்கள் சிலரைப் பயிற்சிக்கு எடுத்திருந்தார்கள். குழந்தைகளின் கையைத் தொடுமுன் கத்தரிக்காயில் பழக வேண்டும். சின்ன வட்டமான கருவி, முனையில் பொடிப் பொடியாகப் பல். தோலின்மேல் அம்மைப்பால் என்கிற தடுப்பு மருந்தை ஒரு சொட்டு வைத்து, அதன்மேல் கருவியை அழுத்தி ஒரு திருகு திருகினால் மேல்தோல் மட்டும் கீறும். ரத்தம் வரக் கூடாது. ஈரம் கசிந்தால் போதும். ஒரு வாரம் கழித்துப் போய்ப் பார்க்கும்போது அந்த இடத்தில் கொப்புளம் எழும்பியிருக்க வேண்டும். எழும்பினால் அந்த உயிருக்குக் காவல் வந்துவிட்டது என்று அர்த்தம். எழும்பாத கை, வெறும் கை.

அந்த அம்மைப்பால் சென்னையிலிருந்து ரயிலில் அரியலூருக்கு வரும், சின்னச் சின்னக் கண்ணாடிக் குழாய்களில். பெரம்பலூருக்கு ரயில் கிடையாது. எங்களில் ஒருவன் போய் வாங்கி, ஈர மணல் போட்ட மண்பானையில் புதைத்து, ஈரத்துணி சுற்றிப் பஸ்ஸில் கொண்டுவர வேண்டும். சூடு பட்டால் கெட்டுப்போகும். இதில் உள்ள சங்கடம், கெட்டாலும் பார்ப்பதற்கு அப்படியேதான் இருக்கும். நிறம் மாறாது, நாற்றம் எடுக்காது. குழந்தையின் கைதான் பதில் சொல்ல வேண்டும்.

முதல் நாள் கத்தரிக்காயைப் பிடித்த விதத்திலேயே நான் எல்லோருக்கும் பட்டம் கட்டிவிட்டேன். ஒருவன் காயைத் திருடனைப் பிடித்த போலீஸ்காரன் மாதிரிப் பிடித்தான். அவனுக்குச் சட்டம் என்று பேர். குத்திக்கொள்ளாதவர்களுக்கு அபராதம் உண்டென்பதை அவன் தூக்கத்தில்கூடச் சொல்வான். இன்னொருவன் ஒவ்வொரு திருகுக்கும் ஒரு சாமி பேரைச் சொன்னான். இந்த வேலை செய்தால் அடுத்த பிறவி கிடையாது என்று யாரோ அவனிடம் சொல்லியிருந்தார்கள். அவன் புண்ணியம். மூன்றாவது ஆள் அரியலூருக்கு அந்தப் பக்கத்துக் கிராமத்தான். ஆறடி உயரம், முறம் மாதிரிக் கைகள். அவன் திருகுவதற்கு முன் கத்தரிக்காயின் காம்பைத் தடவிக் கொடுத்தான்.

"என்னடா, அதுக்கு வலிக்குமா?" என்றேன்.

"தெரியலை. நமக்குத் தெரியாதில்ல" என்றான்.

நிஜக் குழந்தைகளிடம் போனதும் விஷயம் வெளிப்பட்டது. குழந்தை அழ ஆரம்பித்தால் இவன் கண்ணிலிருந்தும் பொலபொலவென்று கொட்டும். விசும்பல் கிடையாது, முகம் கோணுவது கிடையாது. கன்னத்தில் வழிந்து மோவாயில் சொட்டும். கை மட்டும் ஆடாது. அந்தப் பெரிய கை பிடித்த பிடியில் கீறல் வட்டமாக, கச்சிதமாக விழும்.

எங்கள் சுகாதார இன்ஸ்பெக்டர், பொடி போடுகிறவர், மூக்கைத் துடைத்துக்கொண்டே கேட்டார்: "ஏம்ப்பா அழுவுற?"

"அழுவலைங்க சார். தண்ணி வருது."

"நீ என்ன குழாயாப்பா?"

நாங்கள் சிரித்தோம். அவனும் சிரித்தான், தண்ணீர் வழிய. அன்றிலிருந்து அவன் அழுவாச்சி. இவன் ஒரு மாதம் தாங்க மாட்டான் என்று நான் சட்டத்திடம் அடித்துச் சொன்னேன்.

என் வகையைச் சொல்லவில்லையே. நான் கோமாளி. கோமாளி என்பது வெளியில் போட்டுக்கொண்ட சட்டை. உள்ளே இருந்தது சுத்தமான பயம். அம்மை என்ற சொல்லைக் கேட்டாலே எனக்கு முழங்கால் தனியாக யோசிக்க ஆரம்பித்துவிடும். அப்படியானால் ஏன் இந்த வேலைக்கு வந்தாய் என்று கேட்பீர்கள். அம்மைப்பால் இருக்கிற இடத்துக்குப் பக்கத்திலேயே இருப்பதுதான் உலகத்தில் பத்திரமான இடம் என்று கணக்குப் போட்டு வந்தேன். சேர்ந்த புதிதில் இடது கையில் குத்தினார்கள். எழும்பியது. இருந்தாலும் மனசு கேட்காமல் யாருக்கும் தெரியாமல் வலது கையில் நானே குத்திக்கொண்டேன். அப்புறம் தொடையில். நொண்டிக்கொண்டு வந்தவனை இன்ஸ்பெக்டர் ஏற இறங்கப் பார்த்துவிட்டு, "முதுகு பாக்கியிருக்கு, கை எட்டலையா?" என்றார்.

அந்த வருஷம் தை கடைசியில் வாலிகண்டபுரத்துக்கு அப்பால் ஒரு சிற்றூரில் அம்மை இறங்கியது. நாங்கள் போய்ச் சேர்ந்தபோது தெருவில் அங்கங்கே வாசலில் வேப்பிலை செருகியிருந்தது. எந்த வீட்டிலும் தாளிக்கிற வாசனை இல்லை. உள்ளே கிடப்பவர்களை யாரும் நோயாளி என்று சொல்லவில்லை. ஆத்தா வந்திருக்கிறாள், முத்துப் போட்டிருக்கிறாள் என்றார்கள். ஆத்தா ஊருக்குள் இருக்கும்போது கருவியைத் தூக்கிக்கொண்டு வருவது அவளை விரட்டுவதற்குச் சமம் என்பதால் கதவுகள் சாத்தியிருந்தன. எனக்கு அந்தரங்கத்தில் அது பெரிய நிம்மதி. நான் காற்று எந்தப் பக்கமிருந்து வீசுகிறது என்று பார்த்து, அந்தப் பக்கமாகவே நின்றுகொண்டேன்.

தெருக்கோடியில் ஒரு கூரை வீடு. நாங்கள் நிற்கும்போதே அந்த வீட்டுப் பையன் இறந்துபோனான். ஆறேழு வயசு இருக்கும். உள்ளேயிருந்து சத்தமே வரவில்லை. தாய் வாசற்படிக்கு வந்து தூணைப் பிடித்துக்கொண்டு நின்றாள். கண் வறண்டிருந்தது. அம்மையில் போன பிள்ளைக்கு அழக் கூடாது. ஆத்தாவே எடுத்துக்கொண்டாள், அழுதால் அவளைக் குறை சொன்ன மாதிரி, அடுத்த பிள்ளையையும் கேட்பாள் என்பது அங்கே நம்பிக்கை. அடுத்த பிள்ளை ஒன்று அவளுக்கு இருந்தது. சின்னப் பெண். அம்மை கண்டவுடன் அதைத் தெருவின் மறுமுனையில் தாய்மாமன் வீட்டில் விட்டிருந்தார்கள்.

அழுவாச்சி அந்த வாசலில் நின்று அழுதான். வழக்கம்போலச் சத்தமில்லாமல், சட்டை நனைய.

அந்தத் தெருவுக்குப் பெரியவர் ஒருவர் இன்ஸ்பெக்டரிடம் வந்தார். "சார், ஆத்தா வந்த வூட்டு வாசல்ல நின்னு ஒங்க ஆளு கண்ணீர் வுடறான். அவ கோவிச்சுக்கிட்டா நாளைக்கு யாரு பொறுப்பு? நீங்களா, சர்க்காரா?"

இன்ஸ்பெக்டர் அவனை அன்று சாயங்காலமே தனியாகக் கூப்பிட்டார். திட்டவில்லை. "வூட்டுக்குப் போப்பா. மத்தவங்க ஆறுதலுக்கு நம்மள பாக்கறாங்க. நாமளே கரைஞ்சா எப்படி? ஒனக்கு வேற வேலை இருக்கும்" என்றார்.

"சரிங்க சார்" என்றான். துணிப்பையை எடுத்துக்கொண்டு போய்விட்டான். நான் சட்டத்தைப் பார்த்து, சொன்னேனா இல்லையா என்கிற மாதிரிப் புருவத்தைத் தூக்கினேன். தரம் பிரிப்பதில் எனக்கிருந்த கர்வம் அன்றைக்கு உச்சத்தில் இருந்தது.

அதற்கப்புறம் அந்த ஊர் எங்களுக்குத் திறக்கவே இல்லை. பையனை அடக்கம் செய்து, வீட்டைச் சாணி போட்டு மெழுகி, மஞ்சள் நீர் தெளித்து முடித்தபின் அந்தப் பெண் குழந்தையைத் திரும்பக் கொண்டுவந்துவிட்டார்கள். தெருவில் இன்னும் பல வாசல்களில் வேப்பிலை இருந்தது. அதன் கையில் தழும்பு கிடையாது. அந்தக் கையில் கீறிவிட்டால் மற்ற வீடுகளும் கையை நீட்டும் என்று இன்ஸ்பெக்டர் சொன்னார். சட்டம் போய் அபராதம் பற்றிப் பேசினான். அவள் கதவைச் சாத்தினாள். புண்ணியம் போய்ப் போன பிறவி பற்றிப் பேசினான். அதற்கும் சாத்தினாள். கடைசியில் இன்ஸ்பெக்டர் என்னை அனுப்பினார்.

வாயில் ஒரு கொத்து வேப்பிலையை அடக்கிக்கொண்டு, ஆடு மாதிரி மென்றபடி, வாசலிலிருந்து இரண்டு ஆள் தூரத்தில் நின்று நான் என் வித்தையைக் காட்டினேன். குரங்கு, கிழட்டுக் குதிரை, பொடி போடும் இன்ஸ்பெக்டர். குழந்தை விழுந்து விழுந்து சிரித்தது. கிட்டே ஓடி வந்தது. நான் இரண்டடி பின்னால் போனேன்.

தாய் சிரிக்கவில்லை. "ஒங்க கூட வந்துதே, ஒசரமா ஒரு தம்பி. அது எங்க?" என்றாள்.

"அவன் ஊருக்குப் போயிட்டாங்க்கா."

"அது வந்தா புள்ளைய காட்டுறேன்."

"ஏன், நாங்க குத்துனா ஆவாதாக்கா?"

அவள் குழந்தையை இழுத்து இடுப்பில் வைத்துக்கொண்டாள். "நாங்க அழுவக் கூடாது. ஊரு பாக்கும். எம்புள்ளைக்குன்னு கண்ணு கலங்குனது அந்தத் தம்பி ஒண்ணுதான். அது கையில குடுக்குறேன். வேற யாரு கையிலயும் இல்ல."

இதை இன்ஸ்பெக்டரிடம் சொன்னபோது அவர் பொடிமட்டையை எடுத்துத் தட்டினார். இருந்த அம்மைப்பாலும் பக்கத்து ஊர்களில் குத்தித் தீர்ந்திருந்தது. அரியலூர் போய் வாங்கிவர வேண்டும். "நீ போயிட்டு வா. போறவன் வழியில வேற எங்கயும் போவக் கூடாதுன்னு நான் சொல்லல" என்றார்.

அரியலூரில் காலை ரயிலில் வந்த குழாய்களை வாங்கிப் பானையில் புதைத்துக்கொண்டு அவன் ஊருக்கு நடந்தேன். அவன் வயலில் எரு கொட்டிக்கொண்டிருந்தான். இடுப்பில் துண்டு மட்டும்.

"ஒன்ன கூப்பிடுறாங்கடா."

"இன்ஸ்பெக்டரா?"

"இல்ல. ஒரு அம்மா. மவளுக்கு நீதான் குத்தணுமாம்."

அவன் கூடையைக் கீழே போட்டான். கை கால் கழுவினான். கிளம்ப வேண்டியதுதான், ஆனால் அவனிடமிருந்த ஒரே நல்ல சட்டையை அன்றுதான் துவைத்து வேலியில் போட்டிருந்தார்கள். ஈரச் சட்டையோடு வாடா என்றேன். "அந்தம்மா முன்னாடி எப்படிடா" என்றான். சட்டை காய்வதற்குள் காலை பஸ் போய்விட்டது. நான் பானையை மரத்து நிழலில் வைத்து, துணியை நனைத்து நனைத்துச் சுற்றிக்கொண்டிருந்தேன். மடியில் பிள்ளை வைத்திருக்கிறவள் மாதிரி என்று அவன் கேலி செய்தான்.

மத்தியான பஸ். பெட்ரோல் கிடைக்காத காலம். கரியை எரித்து அந்தப் புகையில் ஓடுகிற வண்டி. பின்னால் ஒரு இரும்பு அடுப்பு கணகணவென்று கிடக்கும். நான் பானையை என் காலடியில், பெஞ்சுக்குக் கீழே நிழலில் வைத்தேன். யாராவது கேட்டால் ஊறுகாய் என்று சொல்லிவிடலாம் என்று தயாராக இருந்தேன். எதிரில் உட்கார்ந்திருந்த அம்மாள் என்னைக் கேட்கவில்லை. அவனைக் கேட்டாள்.

"பானையில என்ன தம்பி, தண்ணியா? ஒரு வாய் குடேன்."

அவனுக்குப் பொய் வராது. "தண்ணி இல்லம்மா. அம்மைப்பால்" என்றான்.

பஸ்ஸே திரும்பிப் பார்த்தது. எல்லோரும் இறங்கி ஓடப் போகிறார்கள் என்று நினைத்தேன். எங்களைத்தான் முதலில் இறக்கிவிடுவார்கள் என்றும் நினைத்தேன். இரண்டும் நடக்கவில்லை. அந்த அம்மாள் செருப்பைக் கழற்றிவிட்டு எழுந்து நின்று கன்னத்தில் போட்டுக்கொண்டாள்.

"அடப்பாவி, ஆத்தாளைக் கொண்டுபோய்க் காலடியிலயா வச்சிருக்க?" என்று என்னைப் பார்த்துக் கேட்டாள்.

பின்பெஞ்சிலிருந்து ஒருவர், "கால் படற எடத்துல வைக்கக் கூடாதுப்பா. வண்டி போய்ச் சேரணும்ல" என்றார்.

"மடியில வச்சிக்கிறேங்க" என்றேன்.

"மடியிலயா? குளிச்சியா நீ இன்னிக்கு?"

உண்மையில் குளிக்கவில்லை. டிரைவரே இறங்கி வந்தார். அவர் பானையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஆத்தாளுக்கு மேலே யாரும் உட்காரக் கூடாது என்று தீர்ப்பாயிற்று. யாரோ வேப்பங்கொத்து ஒடித்து வந்தார்கள். கண்டக்டர் ஏணியில் ஏறிப் பஸ்ஸின் கூரைமேல், மூட்டைகளுக்கெல்லாம் முன்னால், பானையைச் சும்மாடு கட்டி உட்கார வைத்தார்.

"வெயிலுங்க, அதுக்கு வெயில் ஆவாதுங்க" என்று நான் சொன்னேன். சத்தமாகத்தான் சொன்னேன் என்று நினைவு.

"அவ பாக்காத வெயிலா?" என்றார் டிரைவர்.

வண்டி பாதி வழியில் நின்றது. அடுப்பு அணைந்து, கரி கொட்டி, மறுபடி மூட்டி, கண்டக்டர் விசிறியைச் சுற்று சுற்றென்று சுற்றிக் கிளப்புவதற்குள் வெயில் உச்சியிலிருந்து மேற்கே சரிந்துவிட்டது. நின்ற நேரத்தில் அழுவாச்சி மேலே ஏறித் துணியை நனைத்தான். அவன் இறங்குவதற்குள் அது காய்ந்து மொடமொடத்தது. தண்ணீரும் தீர்ந்தது. பெரம்பலூரில் இறக்கும்போது பானையைத் தொட்டுப் பார்த்தேன். சூடாக இருந்தது. உள்ளே மணல் ஈரமாகத்தான் இருக்கும் என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். குழாயைத் தூக்கி வெளிச்சத்தில் பார்த்தோம். எப்போதும் போலத்தான் இருந்தது.

மறுநாள் காலை அந்தத் தாய் அவனைப் பார்த்ததும் குழந்தையின் கையை நீட்டினாள். காய்ந்த சட்டையோடு அவன் தரையில் உட்கார்ந்தான். சொட்டை வைத்து, ஒரு திருகு. கண்ணில் தண்ணீர் கொட்டியது. குழந்தை அழவில்லை. அவன் மோவாயைத் தொட்டு, "ஏன் அழுவுற? எனக்கு வலிக்கலையே" என்றது. தாய் முகத்தைத் திருப்பிக்கொண்டாள். பக்கத்து வீட்டுக் கதவு திறந்தது. அதற்கடுத்த கதவும். மத்தியானத்துக்குள் அந்தத் தெருவே கையை நீட்டியது. நான்கூட வேப்பிலையைத் துப்பிவிட்டுக் கிட்டே போய்க் குழந்தைகளின் கையைப் பிடித்துக்கொண்டேன். முழங்கால் யோசிப்பதை நிறுத்தியிருந்தது.

திரும்பி வரும்போது எனக்குத் தலைகால் புரியவில்லை. சொத்தை என்று ஒதுக்கியதுதான் கூடையிலேயே முதல் தரம் என்று சட்டத்திடம் பிரசங்கம் செய்தேன். இந்த வேலைக்கு ஈர மனசுக்காரன்தான் ஏற்றவன், மற்றவனெல்லாம் வீண் என்றேன். பழைய தீர்ப்பைத் தலைகீழாகத் திருப்பினேனே தவிர, தீர்ப்புச் சொல்கிற வியாதி என்னை விட்டுப் போகவில்லை. இன்ஸ்பெக்டரும் இளகியிருந்தார். "கையெல்லாம் எழும்பட்டும். இவனைத் திரும்பச் சேத்துக்கணும்னு மேல எழுதறேன்" என்றார்.

ஒரு வாரம் கழித்து இன்ஸ்பெக்டரோடு போனோம். முதலில் அந்தக் குழந்தைதான் ஓடி வந்து கையைக் காட்டியது. கீறிய இடத்தில் ஒரு பொருக்கு இருந்தது. அது காட்டும்போதே உதிர்ந்தது. அடியில் தோல் வழவழவென்று இருந்தது. பக்கத்து வீட்டுப் பிள்ளையின் கையும் அப்படியே. தெருவில் எந்தக் கையும் எழும்பியிருக்கவில்லை.

இன்ஸ்பெக்டர் எங்களைப் பார்த்தார். "பானை பஸ்ல எங்க இருந்துச்சு?"

"மேல சார்" என்றான் அவன். அவனுக்குத்தான் பொய் வராதே.

அவர் பொடி போடவில்லை. மட்டையை மடித்துச் சட்டைப்பையில் வைத்தார். "ரயில்லயேகூடக் கெட்டுப் போயிருக்கலாம்ப்பா. யாரு கண்டா" என்றார். புதுப் பாலுக்கு அன்றே சென்னைக்குத் தந்தி கொடுத்தார். யுத்தத்தில் ரயில்கள் சிப்பாய்களுக்கு வழிவிட்டு நின்று நின்று வந்தன. நாங்கள் தினம் காத்திருந்தோம்.

பால் வருவதற்குள் அந்தக் கூரை வீட்டு வாசலில் மறுபடி வேப்பிலை செருகியாயிற்று. அழுவாச்சி போய் நின்றான். நானும் கூடப் போனேன், காற்றுப் பக்கம் பார்க்காமல். தாய் வெளியே வந்து அவனைப் பார்த்தாள். அவன் கண் நிறைந்திருந்தது.

"வேணாம் தம்பி. இப்ப அழுவாத. ஆத்தா உள்ள இருக்கா" என்றாள்.

அவன் கண்ணைத் துடைத்துக்கொண்டு, பல்லைக் கடித்தபடி நின்றான். அவன் முகம் கோணியதை அன்றைக்குத்தான் பார்த்தேன். எனக்கு ஏதாவது வேடிக்கை காட்டத் தோன்றியது. பழக்கதோஷம். கையைக் கட்டிக்கொண்டு நின்றேன்.

பிறகு அவனைச் சேர்த்துக்கொள்ள இன்ஸ்பெக்டர் தயாராகவே இருந்தார். அவன் வரவில்லை. சட்டம் நெடுநாள் வேலை பார்த்தான், நல்ல பெயர் வாங்கினான். புண்ணியமும் அப்படியே. எங்கள் எல்லோரிலும் பயந்தாங்கொள்ளியான நான் இன்றுவரை இதே வேலையில் இருக்கிறேன். யாரையும் தரம் பிரிப்பதில்லை. பானையைத் தொட்டுத் தொட்டுப் பார்க்கிறேன்.

பஸ் கூரையில் இருந்த பால் வெயிலில் கெட்டுப்போயிருந்தது. புதுப் பால் அரியலூருக்கு வந்து சேர்ந்த அன்று காலையில் அந்தக் குழந்தை இறந்தது.